ஏரிக்குள் இருந்த புள்ளி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதும்போது பாதி மறந்துவிடும், மறந்தது இரண்டு நாள் கழித்து அடுப்படியில் ஞாபகம் வரும். எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள், "அந்தக் காலத்துல சின்ன சிப்புல எப்படிம்மா ஊரையே அடைச்சீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டதால் உட்கார்ந்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. பெருக்கப் போன இடம்

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி ஒரு வீட்டின் மாடியில் கம்பெனி இருந்தது. பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். தொண்ணூற்று நாலோ ஐந்தோ இருக்கும். என் வீட்டுக்காரர் தனபால் என்ற காண்ட்ராக்டரிடம் டெலிபோன் கேபிளுக்குக் குழி தோண்டும் கேங்கில் இருந்தார். அந்த தனபாலுக்காகத்தான் எங்கள் கம்பெனி ஒரு கைப்பெட்டி செய்துகொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

பெட்டி செங்கல் அளவு. மேலே இரண்டு வரி திரை, கீழே ரப்பர் பட்டன்கள். பூமிக்குள் போகிற கேபிள் எங்கே வளைகிறது, எங்கே ஜாயின்ட், எங்கே ரோட்டைக் கடக்கிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். ரோட்டோரக் கல்லின் நம்பரை அழுத்தினால், 'கிழக்கே இத்தனை மீட்டர், தெற்கே இத்தனை மீட்டர்' என்று காட்டும். டேப் பிடித்து அளந்து அங்கே தோண்டினால் ஜாயின்ட் இருக்கும். பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு ஜாயின்ட்டைத் தேட நாலு குழி வெட்டுவார்கள்.

இஞ்சினியர் ரகுராமன் சார் ஒருத்தர்தான் இதற்கெல்லாம் மூளை. ஒருநாள் நான் பெருக்கும்போது, அவர் மேஜையில் இருந்த நோட்டைப் பார்த்து, "சார், இந்த வரியும் அடுத்த வரியும் ஒண்ணா இருக்கே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உடம்பெல்லாம் கூசியது. எனக்கு யாரிடமும் வாயைத் திறந்து பேசிப் பழக்கம் கிடையாது. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து துடைப்பம் வேறொருத்தர் கைக்குப் போனது. என்னை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து நம்பர் அடிக்கச் சொன்னார். எழுத்துதான் எனக்குத் தடுமாறும். நம்பர் ஒருமுறை பார்த்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

2. சிப்பு பற்றவில்லை

வளைவு, ஜாயின்ட், கிராஸிங் என்று கேபிளில் குறிக்க வேண்டிய புள்ளிகள் கிட்டத்தட்ட ஐயாயிரம் இருந்தன. தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வரைக்கும். எல்லாவற்றையும் நான் அடித்து முடித்த அன்று ரகுராமன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டிக்குள் போகிற, நம்பர் எல்லாம் எழுதி வைக்கிற ஈப்ராம் சிப்பு முப்பத்திரண்டு கே. அதில் பாதியை புரோகிராமே தின்றுவிடும். மிச்சம் பதினாறாயிரம் பைட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பைட் என்பது ஒரு எழுத்தை வைக்கிற இடம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் அடித்ததோ ஒரு புள்ளிக்கு பதினான்கு எழுத்து.

"எழுபதாயிரம் வருது கன்னிம்மா. இது ஒரு சிப்புல போகாது. மூணு சிப்பு போட்டா பெட்டி விலை ஏறிடும், முதலாளி ஒத்துக்க மாட்டார்."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வந்து என்னிடம் கேட்டார். "உங்க வீட்டுக்கு யாராவது வழி கேட்டா முழு அட்ரஸும் சொல்வீங்களா?"

"இல்ல சார். பால் பூத்துல இருந்து நாலு வீடு தள்ளின்னு சொல்லுவேன்."

"அதேதான். முதல் புள்ளிக்கு மட்டும் முழு அட்ரஸ். அடுத்ததுக்கு, முன்னாடி புள்ளியிலேர்ந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, அவ்வளவுதான். சின்ன நம்பர். ஒவ்வொண்ணும் ஒரே பைட்டுல அடங்கும்."

கிழக்குக்கு ஒரு பைட், வடக்குக்கு ஒரு பைட், என்ன வகைப் புள்ளி என்பதற்கு ஒரு பைட். மேற்கும் தெற்கும் வந்தால் மைனஸ். ஆக ஒரு புள்ளிக்கு மூன்றே பைட். ஐயாயிரத்துக்கு பதினைந்தாயிரம். மீதி இருந்த ஆயிரத்துச் சொச்சத்தில், பெட்டியைப் போட்டவுடன் கம்பெனியின் பேரும் சின்னமும் கோலம் மாதிரி வந்து போக வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். அதையும் வைத்துவிட்டார்கள்.

நான் பிரமித்துப் போனேன். நான் நடந்து தீராத ரோடுகள் எல்லாம் சிப்பின் மேல் என் சுண்டுவிரல் நகத்தளவே இருந்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தன. அந்த ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் என்பார்கள்.

ஒரு பைட்டில் நூற்று இருபத்தேழு மீட்டர் வரைக்கும்தான் போடலாம். அதைவிட அதிகத் தூரத்தில் அடுத்த புள்ளி இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ரகுராமன் சாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரே தானாக நடுவில் ஏதோ போட்டுச் சரிசெய்துவிடும் ஏற்பாடு. இந்த இடத்தைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. தண்ணீருக்குள் தோண்டுவதா

பெட்டி வேலைக்குப் போய் ஒரு மாதம் நன்றாக ஓடியது. என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சொல்வார்: "நீ போட்ட நம்பர்ல இன்னிக்கு ஒரே குத்துல ஜாயின்ட்டு மாட்டிச்சி. மேஸ்திரியே அசந்துட்டாரு." எனக்கு முகம் சூடாகும், குனிந்து சோறு போடுவேன். கேங்கில் பெட்டியைப் பார்த்து நம்பர் படிக்கும் வேலையையும் அவருக்கே கொடுத்திருந்தார்கள். பெண்டாட்டி போட்ட நம்பர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் காலையில் தனபால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தார். ரகுராமன் சார் முதலாளியோடு வெளியே போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"இன்னாமா இது, ஒங்க பொட்டிக்கு புத்தி கெட்டுப்போச்சா? கீழ்க்கட்டளை ஏரிக்குள்ள ஒரு புள்ளி காட்டுது. தண்ணிக்குள்ள முங்கிகினு தோண்டறதா நானு? ஆளுங்கல்லாம் சிரிக்கிறானுங்க. கேங்குக்கு நீச்சல் கத்துக்குடு மொதலாளின்றானுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அங்க கேபிள் போவலீங்களா?"

"ஏரி வளைவுல கேபிளு கம்பத்து மேல போவுதுமா. அந்தாண்ட தான் கீழ எறங்குது. தண்ணிக்குள்ள இன்னா கீது, மீனு கீது. அத்த எடுத்துவுடு, பேஜாரா கீது."

அவர் போன பிறகு நான் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இருந்தது. கிழக்கே எழுபத்தைந்து, வடக்கே மைனஸ் இரண்டு. வகையில் பூஜ்யம். ஜாயின்ட்டும் இல்லை, வளைவும் இல்லை, கிராஸிங்கும் இல்லை. என் நோட்டிலும் அப்படி ஒரு புள்ளியே கிடையாது. ஒன்றுமே இல்லாத இடம். நான்தான் தூக்கக் கலக்கத்தில் சேர்த்து அடித்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சார் வருவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கம்ப்யூட்டரில் அந்த வரியை அழித்தேன்.

கம்ப்யூட்டர் 'பீப்' என்றது. எண்ணிக்கை தப்பு என்று திரையில் வந்தது. ஒன்று குறைந்தால் எண்ணிக்கை தப்பாகத்தானே காட்டும் என்று, கடைசி வரியில் இருந்த மொத்தத்தையும் ஒன்று குறைத்தேன். பீப் நின்றது. சிப்பில் எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, மதியம் வந்த தனபாலின் ஆளிடம் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் வைத்திருந்த இன்னொரு பெட்டிக்கும் ஒன்று எழுதலாம் என்றால் மற்ற சிப்புகள் எல்லாம் அழிக்கிற ஊதா விளக்குப் பெட்டிக்குள் இருந்தன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் சார் வந்து, "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். ஏரி விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. என் தப்பை நானே திருத்திக்கொண்டேன், எதற்குச் சொல்ல வேண்டும் என்று, "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

4. மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். கீழே மளிகைக்கடை போனுக்கு எனக்கு அழைப்பு வந்தது. ஏரி தாண்டி ரோட்டில் தோண்டும்போது, என் வீட்டுக்காரரின் கடப்பாரை கரண்ட் கேபிளில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. புருவம் இரண்டும் இல்லை. முகம் கறுத்து, கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. தீக்கோளம் மாதிரி வந்து ஆளைத் தூக்கி வெளியே எறிந்ததாம். அதில்தான் உயிர் பிழைத்தார் என்றார்கள். எனக்கு அழக்கூட வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்கள் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்:

"பொட்டி முப்பத்தெட்டுன்னு தான் சொல்லிச்சி. சரியாத்தான் அளந்தேன்."

பெட்டி என்ன ஆனது என்று கேட்டேன். எல்லோரும் ஓடின ஓட்டத்தில் யாரோ மிதித்து, திரை உடைந்து, குழிக்குள் விழுந்து தண்ணீரில் ஊறிவிட்டதாம்.

5. கால் விரல்

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு தனபால் என் வீட்டுக்காரரை எங்கள் ஆபீசுக்கு அழைத்துவந்தார். கையில் ஒரு காகிதமும் மை டப்பாவும் இருந்தது. 'அளவைத் தப்பாக எடுத்துத் தோண்டியது என் தவறுதான், வேறு யாரும் பொறுப்பில்லை' என்று எழுதியிருந்ததில் என் வீட்டுக்காரர் கைரேகை வைத்துக் கொடுக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்தக் காகிதம் வேண்டுமாம். கொடுத்த பிறகு கேங்கில் அவருக்கு இடம் கிடையாது.

"எனுக்கு மட்டும் ஆசையா சார்? நாளிக்கு இன்னொருத்தன் செத்தான்னா யாரு பதிலு சொல்றது?" என்றார் தனபால். "நீயே பொட்டிய போட்டுக் காட்டு. அவனும் பாக்கட்டும்."

ரகுராமன் சார் ஆபீஸ் பெட்டியை எடுத்துக் கல் நம்பரை அழுத்தினார். கம்பெனிச் சின்னம் அழகாக வந்து போனது. பிறகு நம்பர் வந்தது. சத்தமாகப் படித்தார்.

"கிழக்கே நூத்திப் பதிமூணு. தெற்கே அஞ்சு."

"நீ எங்கடா தோண்டின?" என்று தனபால் கேட்டார்.

"முப்பத்தெட்டு. தெக்கால மூணு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டுக்கினியா சார்? நூத்திப் பதிமூணு எங்க, முப்பத்தெட்டு எங்க. கண்ண மூடிகினு குத்திக்கீறான்."

என் வீட்டுக்காரர் திரையைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்போ நான்தான் தப்பா பாத்துட்டேன் போலக்கீது. அவ போட்ட நம்பரு தப்பாவாது."

நான் கதவோரம் நின்றிருந்தேன். நூற்றுப் பதிமூன்றில் முப்பத்தெட்டு போனால் எழுபத்தைந்து. ஐந்தில் மூன்று போனால் இரண்டு. எழுபத்தைந்து, மைனஸ் இரண்டு. ஆபீஸ் பெட்டியில் இருந்தது இன்னும் பழைய சிப்பு. ஏரிக்குள் இருந்த புள்ளி. நான் அழித்தது ஒன்றுமே இல்லாத இடத்தை. அதற்குப் பிறகு வந்த எல்லாப் புள்ளியும் அதே எழுபத்தைந்து, அதே இரண்டு, நகர்ந்து வந்து நின்றிருக்கிறது. ரோடு அங்கே நேராகப் போவதால் யார் கண்ணுக்கும் தப்பாகத் தெரியவில்லை. அந்த இரண்டு மீட்டரில்தான் கரண்ட் கேபிள் போயிருக்கிறது.

அறையில் யாருக்கும் இது தெரியாது. நான் சொல்லாவிட்டால் ஒருநாளும் தெரியப்போவதில்லை. அப்போது என் மனதில் அதுவும் ஓடியது, மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள், அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

தனபால் மை டப்பாவைத் திறந்தார். கட்டுப் போட்ட இரண்டு கையையும் பார்த்தார். கொஞ்சம் திகைத்து, "சரி, கால் கட்டவெரல நீட்டு" என்றார்.

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, குழந்தை மருந்துக்குக் கையை நீட்டுவது மாதிரி, காலை நீட்டினார். தனபால் குனிந்து மையைத் தடவினார்.

"எழுபத்தஞ்சு" என்றேன்.

மூவரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"எழுபத்தஞ்சு, மைனஸ் ரெண்டு. நான் அழிச்சிட்டேன் சார். ஏரிக்குள்ள காட்டுதுன்னு அழிச்சிட்டேன். அவரு அளந்தது சரி. பொட்டி முப்பத்தெட்டுன்னு தான் காட்டியிருக்கும்."

ரகுராமன் சார் பிரிண்ட் கட்டைப் பிரித்தார். பென்சில் கோட்டைக் கண்டுபிடித்ததும் அதன் மேல் விரலை வைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

"இது டம்மி புள்ளி கன்னிம்மா. ஏரிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நூத்தம்பது மீட்டர். ஒரு பைட்டுல போகாது. அதான் நடுவுல கால் வைக்க ஒரு கல்லு மாதிரி அது. அங்க எதுவும் இல்ல, ஆனா அத மிதிச்சுத்தான் அடுத்ததுக்குப் போகணும்." காகிதத்தை மேஜையில் வைத்தார். "உங்ககிட்ட நான் சொல்லவே இல்லையே. திரையில காட்டாம மறைச்சிருக்கணும், அதையும் நான் செய்யல. எண்ணிக்கை தப்புன்னு பீப் அடிச்சிருக்குமே?"

"அடிச்சிது சார். அதையும் ஒண்ணு கொறச்சிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தனபால்தான் முதலில் எழுந்தார். காகிதத்தை நாலாகக் கிழித்தார். "நான் அப்பவே நெனச்சேன், என் ஆளு அளவுல தப்பு பண்ண மாட்டான்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என்ன சொன்னார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பிறகு குரல் இறங்கி, "தண்ணிக்குள்ள கீதுன்னு எடுக்கச் சொன்னவன் நானு. அத்த இவங்க யாரும் சொல்லல பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் துண்டை எடுத்து என் வீட்டுக்காரர் காலில் இருந்த மையைத் துடைத்தார்.

6. பஸ் ஸ்டாப்பில்

வெளியே வந்தோம். கேம்ப் ரோட்டு பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு டீ வாங்கினேன். அவரால் பிடிக்க முடியாது. ரோட்டில் அத்தனை பேர் பார்க்க, கிளாசை நான் பிடித்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து வெளியில் அவர் பக்கத்தில் நின்றுகூடப் பேசினதில்லை நான்.

பாதி குடித்த பிறகு கேட்டார். "ஒண்ணுமில்லாத எடம்னு தானே அழிச்ச?"

"ஆமா."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கா இவ்ளோ?"

கோபமில்லை அந்தக் கேள்வியில். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் வேலை போகவில்லை. ரகுராமன் சார் முதலாளியிடம் சண்டை போட்டு அந்தச் சின்னத்தை எடுத்தார். அந்த ஆயிரத்துச் சொச்சம் பைட்டில், ஒவ்வொரு இருபது புள்ளிக்கும் ஒரு முழு அட்ரஸை நாலே பைட்டில் சுருக்கி வைத்தார். நடுவில் ஒன்று தப்பினால் அந்தத் தப்பு இருபது புள்ளிக்கு மேல் பரவாது, அடுத்த முழு அட்ரஸோடு ஒத்துப்போகாவிட்டால் சிப்பு எழுதவே எழுதாது. டம்மி புள்ளிகளுக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பேன். வருகிற பெண்களுக்கு முதல் நாளே அந்த வட்டத்தைக் காட்டிவிடுவேன். பேசக் கூச்சமாக இருந்தாலும் அதை மட்டும் சொல்லிவிடுவேன்.

அவர் ஏழெட்டு மாதம் கழித்து அதே கேங்குக்குப் போனார். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதன் பிறகு எப்போதும் இரண்டு கல்லிலிருந்து அளப்பார். இரண்டு டேப்பும் ஒரே இடத்தில் வந்து முட்டினால்தான் கடப்பாரையைத் தொடுவார். கேலி செய்தவர்களிடம், "எங்கூட்டுக்காரிய நம்பறேன், ஆனா இன்னொரு கல்லயும் கேட்டுக்கறேன்" என்பாராம்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பீப் அடித்தால் அதன் வாயை அடைக்காதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள். 'ஒண்ணுமில்ல சார்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காலத்துப் பெட்டியைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதிய பைட் கணக்கையும் மற்றதையும் தயவு செய்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எழுபத்தைந்தும் இரண்டும் சரி, அதை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்றதில் எனக்கு நிச்சயமில்லை. முன்னால் நடந்தது ஒன்றை நான் விட்டிருந்தால், அதற்குப் பிறகு எழுதியது எல்லாமே நகர்ந்து நின்றிருக்கும், எனக்கே தெரியாது. சரிபார்க்கும்போது ஒன்றுமில்லாத வரி என்று ஏதாவது கண்ணில் பட்டால், உடனே அழித்துவிடாதீர்கள். என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.